65 தாண்டியவர்களுக்குச் சார்ஸ் வரியில் என்ன குறையும்? – கேள்வி பதில்

(சார்ஸ் என்பது தென்னாப்பிரிக்காவின் வரித்துறை. கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். ராண்ட் கணக்கெல்லாம் 2026 பிப்ரவரி 28-இல் முடிந்த வரியாண்டுக்கு.)

பீனிக்ஸ்: பிப்ரவரி 20-ஆம் தேதிதான் எனக்கு 65 ஆனது. சலுகை ஒரு வாரத்துக்குத்தானா?

முழு ஆண்டுக்கும் உண்டு. வரியாண்டின் கடைசி நாளில் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். எல்லாருக்கும் உள்ள 17,235 தள்ளுபடியோடு 9,444 சேரும். ஆண்டு வருமானம் 148,217 வரை வரி கிடையாது.

செட்ஸ்வொர்த்: ஆயாவுக்கு 77. 75-க்கு மேல் 3,145 தானாமே, குறைகிறதே?

குறையவில்லை அம்மா, எல்லாருக்கும் உள்ளது, 65-க்கானது, 75-க்கானது மூன்றும் கூடும்: 29,824. அதனால் 165,689 வரை வரியில்லை. அரசின் சமூக உதவி அமைப்பான சாஸா தரும் முதியோர் உதவித்தொகை இந்தக் கணக்கிலேயே வராது.

லெனேசியா: எனக்கு 70. வங்கி வட்டி 41,000. சென்னையிலும் ஒரு வைப்பு இருக்கிறது.

65 ஆனவர்களுக்கு வட்டியில் 34,500 வரை வரி கிடையாது. அது போக மிச்சம் 6,500 வருமானத்தில் சேரும். இந்தக் கழிவு தென்னாப்பிரிக்க வட்டிக்கு மட்டும்தான். சென்னை வட்டியை முழுதாகக் காட்ட வேண்டும்.

டோங்காட்: ஐயா, சார்ஸே கணக்குப் போட்டு மதிப்பீடு அனுப்பிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

மருத்துவச் செலவைப் பார்க்காமல் விடாதீர்கள். வயதுத் தள்ளுபடி தானாக வரும். கைக்காசில் கொடுத்த வைத்தியச் செலவை நீங்கள் சொன்னால்தான் சார்ஸுக்குத் தெரியும்.

தம்பதியாக மெடிக்கல் எய்டுக்கு (மருத்துவக் காப்புத் திட்டம்) மாதம் 6,000 கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு மாதம் 364 வீதம் ஆண்டுக்கு 8,736 வரியில் நேரே கழியும். அடுத்தது 65 ஆனவர்களுக்கான கணக்கு: கட்டிய 72,000-இல் அந்த 8,736-இன் மூன்று மடங்கை, அதாவது 26,208-ஐ எடுத்துவிட்டால் 45,792. கைக்காசுச் செலவு 15,000-ஐக் கூட்டினால் 60,792. அதில் 33.3 சதவீதம், சுமார் 20,244, மேலும் கழியும். 15,000-ஐச் சொல்லாமல் விட்டால் ஏறக்குறைய 5,000 போச்சு. ஆனால் கட்ட வேண்டிய வரிக்கு மேல் இது கையில் காசாக வராது.

அடிபடுவது ரசீதில்தான். மருத்துவர் சீட்டு எழுதி மருந்துக்கடையில் வாங்கியது செல்லும். சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் செல்லாது. மெடிக்கல் எய்ட் திருப்பித் தந்த தொகையை மறுபடி எழுதாதீர்கள். அவர்களுக்கு அனுப்பாத பில் அவர்கள் தரும் வரிச் சான்றிதழில் இருக்காது, தனியாகக் கூட்டுங்கள். சார்ஸின் இணையச் சேவையான இ-ஃபைலிங்கில் கெடுவுக்குள் திருத்திய கணக்கை அனுப்பி, ரசீதுகளை ஐந்து ஆண்டு வைத்திருங்கள்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: அப்பாவுக்கு 69. இரண்டு ஓய்வூதியம், மாதம் 9,000 வீதம். இரண்டிலும் வரி பிடிக்கவில்லை. இப்போது பாக்கி என்கிறார்கள்.

தனித்தனியே 108,000, வரம்புக்குள். சேர்த்தால் 216,000. அதற்கு 18 சதவீதம் 38,880. தள்ளுபடி 26,679 போக 12,201 பாக்கி. ஒவ்வொரு நிறுவனமும் முழுத் தள்ளுபடியைக் கொடுத்துவிட்டதால் வந்த வினை. இப்படிப்பட்டவர்களுக்கு எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று 2022 மார்ச் முதல் சார்ஸே நிறுவனங்களுக்குச் சொல்கிறது. சார்ஸ் சொல்லும் அந்தப் பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். கொடுத்திருந்தால், ஒரு நிறுவனத்திடம் மாதம் 1,020 கூடுதலாகப் பிடிக்கச் சொன்னால் போதும்.