புதிய கோப்பும் பழைய மென்பொருளும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு வரைபடங்கள் வரைந்து கொடுப்பது என் தொழில். என்னிடம் இருப்பது ஒட்டோகாட் 2010. கொழும்பிலுள்ள பொறியியலாளர் ஒருவர் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் வரைந்து அனுப்பும் அத்திவார வரைபடங்கள் என் கணினியில் திறப்பதில்லை. கோப்பு செல்லுபடியாகாது என்ற செய்தியே வருகிறது. புதிய பதிப்பை வாங்கித்தான் ஆகவேண்டுமா? – படவரைஞர், செங்கலடி

பதில்: வேண்டியதில்லை. அந்தக் கோப்பு பழுதடையவும் இல்லை. ஒட்டோகாட் ஆண்டுக்கொரு பதிப்பாக வெளிவந்தாலும், அதன் டிடபிள்யூஜி கோப்பு எழுதப்படும் முறை ஆண்டுதோறும் மாறுவதில்லை. 2004, 2007, 2010, 2013, 2018 ஆகிய பதிப்புகளில் அது மாறியது. 2018இல் வந்த முறையையே 2025 வரையான பதிப்புகளும் பின்பற்றுகின்றன. ஆகவே 2024இல் சேமிக்கப்பட்ட கோப்பை 2018ஆம் ஆண்டுப் பதிப்பு திறந்துவிடும். உங்கள் 2010ஆம் ஆண்டுப் பதிப்போ, தான் வெளிவந்த காலத்தில் இல்லாத ஒரு முறையில் எழுதப்பட்டதை வாசிக்க அறியாமல் நின்றுவிடுகிறது. கோப்பின் பெயரையோ பெயரின் பின்னொட்டையோ மாற்றிப் பார்ப்பதால் இது தீராது.

வந்திருப்பது எந்த முறைக் கோப்பு என்பதை நீங்களே அறிந்துகொள்ளலாம். கோப்பின் பிரதி ஒன்றை நோட்பேடில் திறந்தால், புரியாத குறிகளுக்கு முன்னால் முதல் ஆறு எழுத்துகள் மட்டும் தெளிவாக நிற்கும். அவற்றுள் வரும் எண் 1032 எனில் 2018இன் முறை, 1027 எனில் 2013இன் முறை, 1024 எனில் உங்களுடைய 2010இன் முறை. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

இதற்குச் சிறந்த வழி அனுப்புபவரிடம் கேட்பதுதான். ‘சேவ் ஆஸ்’ கட்டளையில் 2010 வடிவத்தைத் தெரிவுசெய்து சேமிக்க அவருக்கு அரை நிமிடம் போதும். பழைய பதிப்பு வைத்திருக்கிறோமே என்று கூச்சப்பட்டுப் பலர் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படிக் கூச்சப்பட இதில் எதுவுமில்லை. அவருடைய வரைபடத்தில் நில அளவைப் படம் வெளி இணைப்பாக, அதாவது தனிக் கோப்பாகவே இருந்து இதற்குள் காட்டப்படும்படி, சேர்க்கப்பட்டிருந்தால், முதன்மைக் கோப்பை மட்டும் மாற்றி அனுப்புவது போதாது. வீட்டின் சுவர்கள் தெரியும். காணியின் எல்லைக்கோடு தெரியாது. ஒட்டோகாட்டிலுள்ள ‘ஈ-ட்ரான்ஸ்மிட்’ கட்டளை இணைப்புகளையும் ஒரே பொதியாகத் திரட்டி, அவற்றின் வடிவத்தையும் சேர்த்தே மாற்றித் தரும் என்பதால் அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அனுப்பியவரை அணுக முடியாதபோது, ஒட்டோகாட்டை வெளியிடும் ஒட்டோடெஸ்க் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘டிடபிள்யூஜி ட்ரூவியூ’ உதவும். வரைபடத்தைப் பார்ப்பதோடு பழைய வடிவத்துக்கு மாற்றவும் அதனால் முடியும். அது ஓரளவு புதிய விண்டோஸைக் கேட்கும். உங்கள் கணினி மிகப் பழையதானால் நண்பர் ஒருவருடைய மடிக்கணினியில் மாற்றி எடுத்து வாருங்கள்.

மாற்றிய கோப்பைத் திறந்தவுடன் வேலையைத் தொடங்கிவிட வேண்டாம். பிந்திய பதிப்புகளில் வந்த வசதிகளைப் பழைய பதிப்பு காட்டாது. எடுத்துக்காட்டாக, ஒளிபுகும் நிரப்பல் 2011இல் அறிமுகமானது. அது உங்கள் திரையில் முழு நிறமாக விழுந்து, கீழேயுள்ள கோடுகளை மறைத்துவிடக்கூடும். எனவே மூல வரைபடத்தைப் பிடிஎப் வடிவிலும் கேட்டு வாங்கி, தூண்களின் எண்ணிக்கையையும் முக்கிய அளவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். அத்திவாரத்தில் நேரும் பிழையை மேசன் கண்டுபிடிக்கும்போது கொங்கிறீட் இறுகியிருக்கும்.

பென்டிரைவில் கைமாறும் திருட்டுப் பதிப்பு ஒன்றை நிறுவுவதும் ஒரு வழியென்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். அது சட்டத்துக்கு மாறானது. அதனோடு ஒட்டிவரும் வைரஸ் உங்கள் பல ஆண்டு உழைப்பை ஒரே இரவில் அழித்துவிடவும் கூடும்.

கேள்வி: தளபாடக் கடை நடத்துகிறேன். இலவசமாகக் கிடைத்த ஸ்கெட்ச்அப் மேக் (Make) 2017இல்தான் அலுமாரிகளை வடிவமைக்கிறேன். இப்போது வாடிக்கையாளர்கள் அனுப்பும் மாதிரிகள் திறப்பதில்லை. – வாசகர், கல்முனை

பதில்: மேசைக்கணினிக்கென இலவசமாக வந்த ஸ்கெட்ச்அப்பின் கடைசிப் பதிப்பு நீங்கள் வைத்திருப்பதுதான். 2020 வரை அம்மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கெனக் கோப்பு வடிவம் கொண்டிருந்தது. 2021 முதல் வந்த பதிப்புகள் தமக்குள் ஒன்றின் கோப்பை மற்றொன்று திறக்கின்றன. உங்கள் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அனுப்புபவர் சேமிக்கும்போது வடிவப் பட்டியலில் 2017ஐத் தெரிவுசெய்தால் போதும். புதிய பதிப்புகளின் மினுக்கமான மேற்பரப்புத் தோற்றங்கள் இவ்வாறு இறங்கும்போது மங்கலாம். ஆனால் பலகையின் நீளமும் தடிப்பும் மாறா, ஓடாவியாருக்கு வேண்டியதும் அவைதாமே. அவசரத்துக்கு அளவு மட்டும் பார்க்க வேண்டுமெனில், இணைய உலாவியில் இயங்கும் இலவச ஸ்கெட்ச்அப்பில் அந்தக் கோப்பை ஏற்றித் திறக்கலாம்.

கேள்வி: நாங்கள் நால்வர் ஒரு குழுவாக, ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் செயற்றிட்டம் செய்கிறோம். என்னிடம் 2022, தோழியிடம் 2024. அவள் திறந்து சேமித்த பின் கோப்பு என்னிடம் திறப்பதில்லை. பழைய பதிப்பாகச் சேமிக்கும் வழியைத் தேடியும் கிடைக்கவில்லை. – மாணவி, ஒலுவில்

பதில்: அப்படியொரு வழி ரெவிட்டில் இல்லாததால்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. புதிய பதிப்புக்கு மேம்பட்ட கோப்பு அதில் மீண்டும் பழைய பதிப்புக்கு இறங்காது. ஐஎப்சி என்ற பொது வடிவத்தில் ஏற்றுமதி செய்தால் சுவர், கதவு, கூரை ஆகியவை உங்களிடம் வந்து சேரும். எனினும் ரெவிட்டில் வரைந்தபோது அவற்றுக்கிருந்த விதிகளும் தொடர்புகளும் முழுமையாக வாரா. அதைப் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்; அதிலிருந்து செயற்றிட்டத்தைத் தொடர நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தோழி மேம்படுத்துவதற்கு முந்திய பிரதி உங்கள் நால்வரில் யாரிடமாவது இருக்கிறதா என்று இன்றே தேடுங்கள். மின்னஞ்சல் இணைப்பில்கூட இருக்கலாம். கிடைத்தால் அனைவரும் 2022இலேயே தொடருங்கள்; ஒரே கணினியில் ரெவிட்டின் இரண்டு பதிப்புகளை அருகருகே நிறுவலாம் என்பதால் தோழி தன் 2024ஐ நீக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் மற்ற மூவரும் 2024க்கு மாறுவதே இழப்புக் குறைந்த வழி. ஒட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசக் கல்வி உரிமம் தருவதால் அதற்குச் செலவில்லை. இரண்டாம் வழியில் உங்கள் கணினிகள் அந்தப் பதிப்பைத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

கேள்வி: வரைபடத்தைப் பழைய வடிவத்துக்கு மாற்றி வாங்கிவிட்டேன், கோடுகள் சரி. ஆனால் அறைகளின் தமிழ்ப் பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிகின்றன. – வாசகர், வாழைச்சேனை

பதில்: இதற்கும் பதிப்புக்கும் தொடர்பில்லை. அனுப்பியவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார் என்றே கருதுகிறேன். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியிருப்பதால், அது இல்லாத கணினியில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகளே தெரியும். பாமினியை உங்கள் விண்டோஸில் நிறுவி, ஒட்டோகாட்டை மூடித் திறந்தால் ‘குசினி’ குசினியாகவே தெரியும். அடுத்த வரைபடத்திலிருந்து லதா போன்ற யுனிகோட் எழுத்துருவைப் பயன்படுத்தும்படி அவரிடம் சொல்லுங்கள்.