தினமும் ஒரு குவார்ட்டர், அளவான குடியா?

சகோதரி, பெங்களூரில் வேலை பார்க்கும் உங்கள் கணவர் தினமும் ஒரு குவார்ட்டர் விஸ்கி குடித்துவிட்டு "அளவாத்தானே குடிக்கிறேன்" என்கிறார், அது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியில்லை. லேபிளைப் பாருங்கள்: 180 மில்லி, 42.8 சதவீதம். ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.789 கிராம்; 180 × 0.428 × 0.789 போட்டால் சுமார் 61 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே வேளையில் 60 கிராமைத் தொட்டாலே அதிகக் குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சோடா கலந்தாலும் கிராம் குறையாது. பீர் என்றால் தப்பில்லை என்றும் நினைக்காதீர்கள். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியிலேயே 41 கிராம் இருக்கிறது.

ஆனால் நாளைக்கே நிறுத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், தயவுசெய்து. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்புகூட வரலாம். காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை ஆடுகிறதா, கவனியுங்கள். ஆடினால், நிறுத்துவதற்கு முன்பே ஓசூர் ரோட்டில் இருக்கும் நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் உள்ள போதை சிகிச்சைப் பிரிவில் காட்டிவிடுங்கள்.