வாசகர் கேள்வி பதில்: ராஜா வருவதற்கு முன்பே வளர்ந்தது

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆதி கிறிஸ்தவர்கள் பற்றியே கேட்டிருந்தன. விஷயம் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறேன்.

கான்ஸ்டன்டைன் மன்னர் மதம் மாறியதால்தான் ரோமில் கிறிஸ்தவம் பரவியது என்று என் மகன் படித்துவிட்டு வந்து சொல்கிறான். ராஜா மாறினால் ஜனங்களும் மாறிவிடுவார்களா ஐயா?
– வாசகி, தங்கச்சிமடம்

உங்கள் சந்தேகம் நியாயமானதம்மா. ராஜா வளர்த்துவிடவில்லை, ஏற்கெனவே வளர்ந்து நின்றதைத்தான் அவர் கண்டுகொண்டார் என்பது என் உறுதியான எண்ணம். 312-இல் மில்வியன் பாலத்துச் சண்டையில் ஜெயித்தார். 313-இல் இணைப் பேரரசர் லிசினியஸுடன் சேர்ந்து, அவரவர் விரும்பியபடி கும்பிட்டுக்கொள்ளலாம், கிறிஸ்தவர்களிடமிருந்து பிடுங்கிய இடங்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார். எல்லோரும் மதம் மாற வேண்டும் என்று அவர் சட்டம் போடவே இல்லை, அவரே ஞானஸ்நானம் வாங்கியது 337-இல், சாகும் தறுவாயில்தான். அவர் வருவதற்கு முன்பே, 300-ஆம் ஆண்டு வாக்கில், பேரரசில் பத்தில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் உத்தேசமாகக் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, ராஜா இல்லாமல் எப்படி வளர்ந்தது? 251 வாக்கில் ரோம் நகர ஆயர் (பிஷப்) கொர்னேலியுஸ் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. தம் சபையில் 46 குருக்கள், 7 உதவிக்குருக்கள் இருப்பதாகச் சொல்லிவிட்டு, விதவைகளும் ஏழைகளுமாக 1500 பேருக்கு மேல் சபை பராமரிக்கிறது என்கிறார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசாங்கம் இவர்களைப் பிடித்து நசுக்கியிருந்தது, இவர்களுடைய ஆயரையே கொன்றிருந்தது. அந்த நிலையிலும் 1500 பேருக்குச் சோறு போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்!

அதே காலத்தில் பெரிய கொள்ளைநோய் ஒன்று பேரரசு முழுக்கப் பரவியது. அலெக்சாந்திரியாவில் மற்றவர்கள் நோயாளிகளை உயிர் போகும் முன்பே தெருவில் தள்ளினார்கள், நம் ஆட்கள் பக்கத்தில் இருந்து பார்த்து அதனாலேயே தாங்களும் செத்தார்கள் என்று அந்த ஊர் ஆயர் தியோனீசியுஸ் எழுதியிருக்கிறார். தன் கூட்டத்தை அவர் தானே புகழ்கிறார் என்று யாராவது சொல்லலாம். ஆனால் நூறு ஆண்டு கழித்து, கிறிஸ்தவத்தை ஒழித்துக்கட்டி பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர நினைத்த ஜூலியன் பேரரசர், தம் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) அவர்களுடைய ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் காப்பாற்றுகிறார்கள், நமக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்கிறார். எதிரியே கொடுத்த சாட்சி அது. மருந்தே இல்லாத காலத்தில் தண்ணீரும் கஞ்சியும் கொடுத்துப் பக்கத்தில் உட்கார ஆள் இருந்தாலே பலர் பிழைப்பார்கள், பிழைத்தவர் யாரை மறப்பார்? புயல் ஓய்ந்த மறுநாள் யார் சோற்றுப்பானையோடு வந்து நின்றார்கள் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்கு எத்தனை வருஷமானாலும் நினைவிருக்கும் அல்லவா, அப்படித்தான்.

அப்புறம், பிறந்த பிள்ளையை, அதுவும் பெண்பிள்ளையை, வேண்டாம் என்று வெளியே போட்டுவிடும் வழக்கம் ரோமில் சாதாரணம். கிறிஸ்தவர்கள் அதைப் பாவம் என்று ஒதுக்கினார்கள். விதவையை உடனே மறுமணத்துக்கு நெருக்கவும் இல்லை. பெண்கள் இந்தச் சபைகளில் ஏன் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

முந்நூறு வருடமும் கிறிஸ்தவர்களைப் பிடித்துச் சிங்கத்துக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்களா?
– கல்லூரி மாணவர், தொண்டி

இல்லை தம்பி. சினிமா அப்படிக் காட்டுகிறது, ஆனால் நீண்ட காலம் யாரும் கண்டுகொள்ளாமலும் விட்டிருக்கிறார்கள். 64-இல் ரோம் எரிந்தபோது நீரோ பழியை இவர்கள் மேல் போட்டுக் கொடூரமாகக் கொன்றது உண்மை, ஆனால் அது ரோம் நகரத்தோடு நின்றது. 112 வாக்கில் கருங்கடல் ஓரத்து மாகாணத்தை ஆண்ட பிளினி, இவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் பேரரசர் ட்ராஜனுக்கு எழுதிக் கேட்கிறார். விடியும் முன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள், திருடுவதில்லை, வாக்குத் தவறுவதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள், இதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்கிறார். தேடிப் பிடிக்க வேண்டாம், பெயர் போடாத புகாரை வாங்கவே வேண்டாம் என்று ட்ராஜன் பதில் போட்டார்.

உண்மையைக் கறக்க பிளினி சித்திரவதை செய்தது யாரைத் தெரியுமா? சபையில் ஊழியம் செய்துவந்த இரண்டு அடிமைப் பெண்களை. அவர்கள் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது அந்த இரண்டு பேர்தான்.

பேரரசு முழுக்க நெருக்கடி வந்தது 250-இல். எல்லோரும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார் பேரரசர் டேசியஸ். அந்தச் சான்றிதழ்கள் 40-க்கு மேல் எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. நிறையப் பேர் பயந்து பலி கொடுத்தார்கள், சிலர் காசு கொடுத்து வெறும் சான்றிதழை வாங்கினார்கள், ஆபத்து நீங்கியதும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று பெரிய சண்டையே நடந்து, தவம் செய்தால் சேர்க்கலாம் என்ற முடிவு நிலைத்தது. அது சரியான முடிவு என்றே சொல்வேன். 303-இல் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களின் கோயில்களை இடித்து வேதப் புத்தகங்களை எரிக்கச் சொன்னதுதான் கடைசிப் பெரிய அடி. 311-இல் நோயில் கிடந்த பேரரசர் கெலேரியஸ், உங்கள் கடவுளிடம் எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அதை நிறுத்தினார்.

பவுல் கப்பல் உடைந்து தப்பினாரே, அது எப்படிப்பட்ட கப்பல்?
– மீனவ வாசகர், பாம்பன்

அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் போன கப்பல், கோதுமை ஏற்றியது. ஏறியிருந்தவர்கள் 276 பேர். வேதாகமத்தில் அப்போஸ்தலர் பணி 27-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள் அண்ணே, உங்களுக்குப் புரிகிற அளவுக்கு எங்களுக்குப் புரியாது. குண்டு விட்டு ஆழம் பார்க்கிறார்கள், முதலில் இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் பதினைந்து பாகம், உடனே பாறையில் மோதிவிடும் என்று பயந்து பின்பக்கமாக நான்கு நங்கூரத்தை இறக்கி விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். கடைசியில் மால்டா தீவில் கரை ஏறினார்கள். இந்த விசுவாசம் போன பாதையே இதுதான், சரக்குக் கப்பல் தொட்ட துறைமுகங்களில்தான் முதல் சபைகள் பலவும் முளைத்தன.

அழகன்குளத்தில் ரோமக் காசுகள் கிடைத்தனவே, அப்படியானால் அப்போதே கிறிஸ்தவர்கள் இங்கே வந்துவிட்டார்களா?
– வாசகர், கீழக்கரை

காசு வந்தது, அதை வைத்து மதம் வந்தது என்று சொல்ல முடியாது. வைகை கடலில் சேரும் அந்த இடத்தில் கிடைத்தவற்றில் 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் செப்புக்காசுகளும் உண்டு, அவற்றை அடித்த பேரரசர்கள் கிறிஸ்தவர்கள் என்பதும் உண்மை. ஆனால் காசு பத்துக் கை மாறித்தான் வரும். 6-ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற எகிப்து வணிகர், மலபாரிலும் இலங்கையிலும் கிறிஸ்தவர்கள் இருப்பதாகத் தெளிவாக எழுதினார். உங்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றது 1530-களில்தான், அது வேறு கதை.

துன்பப்பட்டவர்கள் கையில் அதிகாரம் வந்தபின் எப்படி நடந்துகொண்டார்கள்?
– வாசகர், திருவாடானை

பல இடங்களில் மோசமாகத்தான். 380-இல் பேரரசர் தியோடோசியஸ், நைசியா நகரில் கூடிய ஆயர்கள் வகுத்த விசுவாசத்தையே எல்லோரும் ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். 391-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவின் செராப்பிஸ் என்ற பழைய தெய்வத்தின் கோயிலை இடித்தார்கள், 415-இல் அதே ஊரில் ஹைப்பேஷியா என்ற அறிஞரை ஒரு கிறிஸ்தவக் கும்பல் கொன்றது. இதை மழுப்பிப் பேசக்கூடாது.

ஆனால் எதிர்த்தவர்களும் இருந்தார்கள். பிரிசில்லியன் என்ற ஸ்பெயின் ஆயரைத் தவறான போதனைக்காரர் என்று சக ஆயர்களே அரசனிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். தூர்ஸ் நகர ஆயர் மார்ட்டின் நேரில் போய், சபையை விட்டு நீக்கினால் போதும், ரத்தம் சிந்தக்கூடாது என்று மாக்சிமஸ் பேரரசரிடம் மன்றாடினார், வாக்கும் வாங்கினார். அவர் ஊர் திரும்பியதும் வாக்கை மீறி 385 வாக்கில் பிரிசில்லியன் தலையை வெட்டிவிட்டார்கள். வழக்கை நடத்திய அந்த ஆயர்களோடு உறவே வேண்டாம் என்று மிலான் ஆயர் அம்புரோஸ் ஒதுங்கிக்கொண்டார்.