'எலிசபெத்: தி கோல்டன் ஏஜ்' படத்தில் காட்டுவது உண்மையில் நடந்ததா?

எலும்புக்கூடு வரலாறுதான், சதை பெரும்பாலும் இயக்குநர் சேகர் கபூரின் கற்பனை.

படம் 2007-இல் வந்தது. அதில் ஆஸ்திரிய இளவரசர் சார்லஸ் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தைப் பெண் கேட்டு வருகிறார். அந்தப் பேச்சு நடந்தது 1560-களில். 1588-இல் இங்கிலாந்தைத் தாக்க ஸ்பெயின் கப்பற்படை வந்தபோது எலிசபெத்துக்கு 54 வயது, கல்யாணப் பேச்செல்லாம் எப்போதோ முடிந்துபோன கதை.

பெரிய புளுகு ராணியின் அபிமானத்துக்குரிய வால்டர் ராலே விஷயத்தில். கயிற்றில் தொங்கிக்கொண்டு கடற்போரில் சாகசம் செய்கிறார். நிஜத்தில் அவர் ஸ்பெயினை எதிர்த்த இங்கிலாந்துக் கப்பற்படையிலேயே இல்லை. தலைமை தாங்கியவர் ஹோவர்ட் பிரபு, அடுத்த நிலையில் டிரேக். இந்த இருவரையும் படம் ஓரங்கட்டியது எனக்கு ஏற்கவே முடியவில்லை. ஆனால் தீக்கப்பல் உண்மை: பிரான்ஸின் கலே துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ஸ்பெயின் கப்பல்களை நோக்கி, நள்ளிரவில் 8 கப்பல்களைக் கொளுத்தி அனுப்பினார்கள். எதிரிகள் நங்கூரக் கயிற்றை வெட்டிவிட்டுச் சிதறினார்கள். அப்புறம் பக்கத்திலிருந்த கிரேவ்லைன்ஸ் கடற்கரையருகே சண்டை. பெரிய சேதம் அதற்கும் பிறகுதான். ஸ்காட்லாந்து, அயர்லாந்து வழியாகச் சுற்றித் திரும்பும்போது புயலில் பல கப்பல்கள் நொறுங்கின.

மதப் பகையைப் படம் ரொம்ப எளிமையாக்கிவிட்டது. போப் 1570-இலேயே புராட்டஸ்டன்டான எலிசபெத்தை மதவிலக்கு செய்திருந்தார். அதனால் கத்தோலிக்கரான ஸ்காட்லாந்தின் முன்னாள் ராணி மேரி ஸ்டூவர்ட்டை அரியணை ஏற்ற, அவரைச் சுற்றிச் சதிகள் தொடர்ந்தன. 1587-இல் மேரியின் தலை வெட்டப்பட்டது. படத்தில் சதிகாரர்களில் ஒருவரான பேபிங்டன் எலிசபெத்தை நோக்கித் துப்பாக்கி நீட்டுவார். நிஜத்தில், பீர் பீப்பாயில் ஒளித்து அனுப்பிய மேரியின் ரகசியக் கடிதங்களை எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்கமின் ஆட்கள் படித்துவிட்டதால் அவர் முன்பே மாட்டிக்கொண்டார்.

இசைக்காகவாவது பாருங்கள், கிரெய்க் ஆம்ஸ்ட்ராங்குடன் சேர்ந்து அமைத்தவர் நம்ம ஏ.ஆர்.ரஹ்மான்.