தூக்கினாலே அழுகிறாள், அப்பாவைப் பிடிக்கவில்லையா?

கேள்வி: ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கிறாள். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி, ஐந்து மாதம் முடிந்த பிறகுதான் மாமியாரோடு இங்கே வந்தார். அதுவரை மாதத்தில் இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது நான் தூக்கினாலே மகள் வீறிட்டு அழுகிறாள். 'ஆம்பளை கையில் பச்சைப்பிள்ளை தங்காது, நடக்க ஆரம்பித்தால் தானா வருவா' என்கிறார் மாமியார். சில நாள் ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக மனம் வருவதில்லை. இந்த வயதில் குழந்தைக்கு அப்பா தேவையா டாக்டர்?

பதில்: உங்கள் மகள் வேற்றுமுகம் பார்க்கிறாள். நம் பாட்டிமார் வைத்த இந்தப் பெயரைவிடப் பொருத்தமான சொல் எங்கள் மருத்துவப் புத்தகங்களில் இல்லை. ஆறு, ஏழு மாதம் வரை யார் தூக்கினாலும் சிரித்த குழந்தை, அப்புறம் தன் ஆள் யார், அடுத்த ஆள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும். அது மூளை வளர்ச்சியின் அடையாளம். உங்கள் மேல் வெறுப்பு இல்லை. அவளைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பாதி தெரிந்த முகம், அவ்வளவுதான்.

மாமியார் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1964-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஷாஃபர், எமர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். யார் விட்டுப் போனால் குழந்தை அழுகிறது என்பதுதான் அவர்கள் பார்த்த கணக்கு. ஒன்றரை வயதுக்குள் முக்கால்வாசிக் குழந்தைகள் அப்பா போனாலும் அழுதன. அந்தக் காலத்து ஸ்காட்லாந்து அப்பாக்கள் ஒன்றும் டயபர் மாற்றியவர்கள் இல்லை! இன்னொன்றும் தெரிந்தது. பால் கொடுத்தவர் யார், அதிக நேரம் கூட இருந்தவர் யார் என்பதைவிட, குழந்தை கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்து, அதனோடு விளையாடியவர் யார் என்பதுதான் முக்கியமாக இருந்தது. ஆகவே உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. நடக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தையை வளர்க்கும்போது ஆணின் உடம்பும் மாறுகிறது. பிலிப்பைன்ஸில் சீபூ என்ற ஊரில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு நன்றாக இறங்கியிருந்தது. தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு, கவனிக்காத அப்பாக்களைவிட அது குறைவாக இருந்தது. பயப்படாதீர்கள், இது நோய் இல்லை, உடம்பு வேலைக்குத் தக்கபடி தன்னைத் திருத்திக்கொள்கிறது.

சரி, இப்போது என்ன செய்வது? நீங்கள் எழுதவில்லை என்றாலும் நடப்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. கதவைத் திறந்ததும் ஆசையாக ஓடிப்போய்த் தூக்குவீர்கள். அவள் அழுவாள். பத்து நொடியில் மூன்று பேர் கை நீட்டுவார்கள், கொடுத்துவிடுவீர்கள். அழுதால் இந்த ஆளிடமிருந்து தப்பலாம் என்று அவளும், நமக்கு வராது என்று நீங்களும் தினமும் படித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

வந்ததும் தூக்காதீர்கள். கை கால் கழுவிவிட்டு, அவள் அம்மா மடியில் இருக்கும்போதே இரண்டடி தள்ளித் தரையில் உட்காருங்கள். தோளில் கிடக்கும் துண்டால் முகத்தை மூடி, விலக்கிச் சிரியுங்கள். முதல் நாள் முறைப்பாள், அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். புதைத்த இடத்திலிருந்து ஒரு கண் மட்டும் உங்களைப் பார்க்கும். அந்த ஒரு கண் போதும். இரண்டொரு நாளில் துண்டை இழுக்கத் தவழ்ந்து வரலாம். அவளாக வரும்போது தூக்குங்கள்.

அப்புறம், ஒரு வேலையை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். கேழ்வரகுக் கூழோ பருப்பு சாதமோ ஒரு வேளை நீங்கள் ஊட்டுங்கள். அல்லது குளிப்பாட்டுங்கள், தூளி ஆட்டித் தூங்கவையுங்கள். எதுவானாலும் தினமும் அதை நீங்களே செய்ய வேண்டும். ஷிப்ட் மாறினால் நேரம் மாறட்டும், ஆள் மாற வேண்டாம். அந்த அரை மணி நேரம் மனைவியும் மாமியாரும் 'அப்படிப் பிடிக்காதே, இப்படிப் பிடி' என்று சொல்லாமல் இருக்க வேண்டும். இதுதான் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் நான் குழந்தை மருத்துவர் என்பதை என் அத்தை கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. லேசான சிணுங்கலுக்கு அவர்கள் ஓடி வர வேண்டாம். ஆனால் தேம்பித் தேம்பி அழுதால் கொடுத்துவிடுங்கள், நாளை பார்த்துக்கொள்ளலாம்.

விளையாட்டு என்று மேலே தூக்கிப்போட்டுப் பிடிக்காதீர்கள். அழுகை தாங்காமல் கோபம் வந்தால் பாயில் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். எந்தக் காரணத்துக்கும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக்கூடாது, மூளையில் ரத்தக்கசிவு ஆகிவிடும்.

வீட்டுக்குப் போக மனம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தை பிறந்த பிறகு மனச்சோர்வு அம்மாக்களுக்கு மட்டும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பத்து அப்பாக்களில் ஒருவருக்கு வருகிறது. தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் ஒட்டாத மனம் இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மகளைப் பற்றி ஒரு சின்னச் சோதனை. அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாளா, சத்தம் வந்த பக்கம் திரும்புகிறாளா, கண்ணோடு கண் பார்க்கிறாளா? ஆம் என்றால் கவலை இல்லை. யாரிடமும் இவை இல்லையென்றால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த மாதம் ஒன்பதாம் மாதத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி வரும். எங்கள் ஓ.பி.யில் அப்பாக்கள் பெரும்பாலும் பையையும் தடுப்பூசி அட்டையையும் பிடித்தபடி கதவோரம் நிற்பார்கள். நீங்கள் அன்று உள்ளே வந்து, மகளை உங்கள் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஊசி போட்டதும் உங்கள் தோளில் சாய்ந்து அழட்டும். குத்தியவர் மேல்தான் அவளுக்குக் கோபம் வரும். அந்தப் பழி எங்களுக்குப் பழகியதுதான்.