ரூட் கேனால் முடிந்த பிறகும் பால் பல் வலிக்கிறதே, ஏன்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது, எடை 18 கிலோ. கீழ்த்தாடையின் கடைசிப் பால் பல்லில் சொத்தை ஆழமாகப் போய்விட்டது. நேற்று முன்தினம் ரூட் கேனால் செய்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். இன்னமும் கடித்தால் வலிக்கிறது என்கிறாள். சிகிச்சையில் ஏதும் கோளாறா? ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா? “விழப்போகிற பல்தானே, பிடுங்கியிருக்கலாம்” என்கிறார் என் மாமியார்.

பதில்: “நரம்பையே எடுத்தாச்சு, அப்புறம் எப்படி வலிக்கும்?” என்று கேட்காத பெற்றோர் குறைவு. எடுத்தது பல்லுக்குள் இருந்த கூழை, அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான சதையைத்தான். பல்லை எலும்போடு பிணைத்திருக்கும் சவ்வில் வேறு நரம்புகள் இருக்கின்றன. வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்யும்போது வேர் நுனியைச் சுற்றியுள்ள அந்தச் சவ்வு சற்றுப் புண்படும். கடிக்கும்போது அழுத்தம் அங்கேதான் விழுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இது அடங்கிவிடும். நான் உங்களிடம் கேட்பது இதுதான்: நேற்றைவிட இன்று குறைந்திருக்கிறதா? இரவில் தூங்குகிறாளா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் காத்திருக்கலாம்.

அதுவரை பாராசிட்டமால் சிரப் போதும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. உங்கள் மகளுக்கு ஒரு வேளைக்கு 180 முதல் 270 வரை. ஆறு மணி நேர இடைவெளி விட்டு, நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. “ஒரு மூடி” என்று அளக்காமல் லேபிளைப் படித்து ஊற்றுங்கள். பெரியவர்களின் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. நிமசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தர இந்தியாவில் 2011இலேயே தடை வந்துவிட்டது. ஐபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும், ஆனால் காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு சந்தேகம் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கிராம்பு எண்ணெயை ஈறில் தடவினால் ஈறுதான் வெந்துபோகும்.

கீழ் உதட்டின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். மரத்துப்போகும் ஊசியின் வேகம் தணிய சில மணி நேரம் ஆகும். அதற்குள் குழந்தைகள் உதட்டைக் கடித்துவிடுவார்கள். மறுநாள் அது வீங்கி, வெள்ளையாகப் புண் தெரியும். சீழ் வைத்துவிட்டதென்று பதறி வருபவர்கள் நிறையப் பேர். அது தானே ஆறிவிடும். பக்கத்துப் பல்லிலும் சொத்தை இருந்தால் அதன் வலியாகவும் இருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு எந்தப் பல் என்று சரியாகக் காட்டத் தெரியாது. தற்காலிக அடைப்பு சற்று உயரமாக நின்றாலும் கடிக்கும்போது வலிக்கும். அதைத் தேய்த்துவிடுவது சில நிமிட வேலை.

மூன்று நாளுக்குப் பிறகும் வலி கூடினால், தூக்கத்தில் அழுது எழுந்தால், ஈறில் கொப்புளம் வந்தால், பல் ஆடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே போங்கள். வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால், வீக்கம் கண்பக்கம் ஏறினால் நேராக மருத்துவமனைக்கு. வீக்கத்தின் மேல் சூடாக ஒத்தடம் கொடுக்க வேண்டாம்.

வீக்கமோ காய்ச்சலோ இல்லாத வெறும் வலிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள்.

மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வேர் பாதி கரைந்துவிட்ட பல்லையோ, சீழ் எலும்பை அரித்துவிட்ட பல்லையோ நானும் பிடுங்கத்தான் சொல்வேன். ஆனால் இந்தக் கடைசிப் பால் பல் விழுவது 10 முதல் 12 வயதுக்குள். அதற்குப் பின்னால் முதல் நிலைப்பல் முளைப்பது ஆறு வயதில். இப்போதே பிடுங்கினால் அந்த நிலைப்பல் காலி இடத்துக்குள் முன்னால் சாய்ந்துவிடும், அடியிலிருக்கும் பல் வர வழியிருக்காது. இடம் காக்க ஒரு வளையம் மாட்டலாம் என்றாலும், சொந்தப் பல்லுக்கு அது ஈடாகாது.

வலி நின்றதும் பலர் மறந்துவிடுவது, பல்லை மூடி மேலே மாட்டும் கேப். தற்காலிக அடைப்பு கசிந்தால் கிருமி மீண்டும் உள்ளே போகும், கூழ் எடுத்த பல் எளிதில் உடையவும் செய்யும். ஸ்டீல் கேப்புக்கு இப்போதே தேதி வாங்கிவிடுங்கள். மாட்டிய புதிதில் ஈறு கன்றி, கடி உயரமாகத் தோன்றும்; ஓரிரு வாரத்தில் பழகிவிடும். ஆறு மாதம் கழித்து, வலி இல்லாவிட்டாலும், ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.