இயக்குநர் மாறினால் துறை மாறுமா?

கேள்வி: எங்கள் துறைக்குப் புதிய இயக்குநர் வந்திருக்கிறார். கூட்டத்துக்குக் கூட்டம் 'உருமாற்றத் தலைமை' என்கிறார். தனியார் கம்பெனிக்குச் சரி. நினைத்தபடி யாரையும் நீக்கவோ, சம்பளத்தைக் கூட்டவோ முடியாத அரசுத் துறையில் இது எடுபடுமா?

பதில்: இந்தக் கருத்து கம்பெனிகளுக்காகப் பிறந்ததே இல்லை. 1978-ல் இதை விரித்து எழுதிய ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸ், அரசியல் தலைவர்களை ஆராய்ந்தவர். 'நீ இதைச் செய், நான் அதைத் தருகிறேன்' என்ற பேரத்தைத் தாண்டி, ஒரு பொது நோக்கத்துக்காக ஆட்களை எழுப்புவது பற்றித்தான் அவர் பேசினார். கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லாத உங்கள் இயக்குநருக்கு அது கூடுதலாகவே தேவை.

ஆனால் பேச்சு மட்டும் போதாது. நானும் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன்தான். எழுச்சி உரை முடிந்த மறுநாள், கோப்பு அதே ஆறு மேசைகளைச் சுற்றும்.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளைப் பாருங்கள். 1994-ல் பொறுப்பேற்ற டாக்டர் கென்னத் கைசர் அவற்றை 22 வட்டாரங்களாகப் பிரித்தார். முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தலைமையகத்திலிருந்து வட்டாரங்களுக்குக் கொடுத்தார். கூடவே, என்ன செய்து காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு வட்டார இயக்குநரிடமும் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கினார். படுக்கைகளில் பாதிக்கு மேல் மூடிவிட்டு, புறநோயாளி சிகிச்சையைப் பெருக்கினார். எதிர்ப்பு இல்லாமலா? 1999-ல் அவர் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சிகிச்சையின் தரம் உயர்ந்தது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. இதே அமைப்பில், டொபீகா நகர மருத்துவமனை நர்ஸ் ஒருவர், வாடகைக் காரைத் திருப்பி விடும்போது பார்கோடை ஸ்கேன் செய்வதைப் பார்த்தார். நோயாளிக்கு மருந்து கொடுக்கும்போதும் இப்படிச் செய்தால் தவறு குறையுமே என்று கேட்டார். அவருடைய மருத்துவமனையில் முயன்று பார்த்த பிறகு, நாடு முழுக்க அது பரவியது. யோசனை மேலிருந்து வரவில்லை, பாருங்கள். அதைப் பரப்ப மட்டும் மேலே ஆள் தேவைப்பட்டது.

அதே அமைப்பில் 2014-ல் பெரிய ஊழல் வெடித்தது. 14 நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும் என்பது இலக்கு. முடியாத இடங்களில் காத்திருப்புப் பட்டியலையே திருத்திவிட்டார்கள். அமைச்சர் எரிக் ஷின்செகி பதவி விலகினார். கைசர் காலத்து அளவுகோல் பழக்கம் மிஞ்சியிருந்தது. 'முடியவில்லை' என்று சொல்லும் தைரியம் மிஞ்சவில்லை.

அதனால் உங்கள் இயக்குநரின் உரையை விடுங்கள். அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் யாராவது 'இலக்கை எட்டவில்லை, சார்' என்பார். இயக்குநர் 'ஏன், என்ன குறை?' என்று கேட்டால், அவரை நம்பி இறங்கலாம். 'அதை அறிக்கையில் போடாதீர்கள்' என்றால், ஓய்வு பெறும் வரை காத்திருங்கள், நீங்களோ, அவரோ.